போடாத நாற்காலி

ராயகிரியில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்



1959-இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தைப் பார்க்காதவர்கள் இந்தக் கூட்டத்தில் குறைவாகத்தான் இருப்பார்கள். கலெக்டர் ஜாக்சனும் கட்டபொம்மனும் நேருக்கு நேர் நிற்கும் காட்சியின் வசனம் நம்மில் பலருக்கு மனப்பாடம். பள்ளி ஆண்டு விழாவில் அதை முழங்காத தலைமுறை நம் பக்கத்தில் இல்லை. அந்த வசனத்தை இன்று நான் தொடப்போவதில்லை. உண்மையில் அந்தச் சந்திப்பு நடந்த அறையைப் பற்றியும், அங்கே போடாமல் விட்ட நாற்காலியைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

அரசுகள் தமக்குள் பேசிக்கொண்டதை வரலாற்றுப் புத்தகங்கள் கடிதமாகவும் ஒப்பந்தமாகவும் கையெழுத்தாகவும் சொல்கின்றன. எந்த இடத்தில் சந்தித்தார்கள், யார் உட்கார்ந்தார், யார் நின்றார், வாசலில் எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள், கையில் என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் சில்லறைச் சங்கதி என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். ஒரு தரப்பு மற்றத் தரப்பை என்னவாக மதிக்கிறது என்பது இடத்திலும் பொருளிலும்தான் முதலில் தெரியும். வார்த்தை பிறகுதான் வரும். இதைப் புரிந்துகொள்ள நாம் வெளிநாடு போக வேண்டாம். நம் வீட்டு வாசல் வழியாகவே ஒரு சான்று நடந்து போயிருக்கிறது.

1792-ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாபோடு செய்த உடன்படிக்கையால் பாளையங்களின் கப்பத்தை வசூலிக்கும் அதிகாரம் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. அதன்படி பாஞ்சாலங்குறிச்சியின் பாக்கியைக் கேட்டு, 1798 ஆகஸ்ட் 18 அன்று கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனுக்கு ஓலை அனுப்பினார். ராமநாதபுரத்தில் வந்து என்னைப் பார் என்பது உத்தரவு. ஆனால் கலெக்டர் ராமநாதபுரத்தில் இல்லை, சுற்றுப்பயணத்தில் இருந்தார். அவர் குற்றாலத்தில் இருக்கிறார் என்று தெரிந்து கட்டபொம்மன் குற்றாலம் வந்தார். பேட்டி இல்லை என்றார் ஜாக்சன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பின்தொடர்ந்து போனார். அங்கேயும் பேட்டி இல்லை. கடைசியில் செப்டம்பர் மாதம் ராமநாதபுரத்தில்தான் கதவு திறந்தது.

குற்றாலத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே எந்த ஊர்கள் இருக்கின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொக்கம்பட்டி, புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி. அவர் இந்த மலையோரத்தை ஒட்டித்தான் போயிருக்க வேண்டும். நம் ராயகிரியின் பக்கமாக, தம் ஆட்களோடு, ஒரு பாளையக்காரர் கலெக்டரின் கூடாரத்தைத் தேடிக்கொண்டு போகிறார். அந்தப் பயணத்தை அந்தக் காலத்து மக்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? பாளையக்காரர் என்றால் அவரைப் பார்க்க மற்றவர்கள் வந்து காத்திருப்பார்கள். அவரே இன்னொருவரைத் தேடி ஊர் ஊராக அலைவதைச் சாலையோரத்தில் நின்ற ஒவ்வொரு குடியானவனும் பார்த்திருப்பான். ஜாக்சனுக்கு வேண்டியிருந்ததும் அதுதான் என்று நான் நினைக்கிறேன். பாக்கிதான் நோக்கம் என்றால் குற்றாலத்திலேயே கணக்கை முடித்திருக்கலாம். கணக்கைப் பார்த்தபோது பெரும்பகுதி செலுத்தியாகிவிட்டது, மீதி 1,080 பகோடாதான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்தத் தொகைக்காக ஒரு மனிதரை வாரக்கணக்கில் அலைக்கழிக்க வேண்டிய அவசியம் இல்லை.

இனி அந்த ராமநாதபுரம் அரண்மனைக்குள் போவோம். ராமலிங்க விலாசம். கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தில் அதன் சுவரெல்லாம் ஓவியம் தீட்டினார்கள். இன்று தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக இருக்கிறது. போகாதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். தஞ்சை மராத்தியரோடு நடந்த போர் ஒரு பக்கம், ராமாயணக் காட்சிகள் ஒரு பக்கம், சேதுபதி ஐரோப்பியரை வரவேற்கும் காட்சி ஒரு பக்கம். சேதுபதிகள் முடிசூடிய கல் உள்ளே இருக்கிறது. அந்தக் கட்டடமே ஒரு தூதுமொழி என்று சொல்ல வேண்டும். வந்து நிற்கும் விருந்தாளிக்கு, நீ எப்படிப்பட்ட அரசனின் முன் வந்திருக்கிறாய் என்று சுவரும் தூணும் சொல்லும்படி கட்டியிருக்கிறார்கள்.

1798-இல் அந்த அரண்மனையின் உரிமையாளர் அங்கே இல்லை. முத்துராமலிங்க சேதுபதியை 1795-இல் கும்பினி பதவியிலிருந்து இறக்கித் திருச்சிராப்பள்ளியில் சிறை வைத்துவிட்டது. அரசன் சிறையில், அவன் முன்னோர் முடிசூடிய கல் அரண்மனையில், அந்த அரண்மனையில் விருந்தோம்புகிற இடத்தில் கும்பினிக் கலெக்டர். கட்டபொம்மனை வேறெங்காவது, ஒரு கூடாரத்திலோ கச்சேரியிலோ சந்தித்திருந்தால் சொல்லியிருக்க முடியாத ஒன்றை இந்த இடம் சொல்லிவிடுகிறது. சேதுபதிக்கு நேர்ந்ததைக் கண்ணால் பார்த்துக்கொள், பிறகு பேசலாம் என்கிறது.

உள்ளே வந்த பாளையக்காரரையும் அவருடைய மந்திரி சிவசுப்பிரமணிய பிள்ளையையும் ஜாக்சன் மூன்று மணி நேரம் நிற்க வைத்தார். நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இது இருக்கிறது. ஒரு வரியில் கடந்து போய்விடுகிறோம். மூன்று மணி நேரம் நிற்பது உடலுக்குப் பெரிய துன்பமில்லை. வயலில் நாற்று நடும் பெண்கள் அதைவிட அதிக நேரம் குனிந்து நிற்கிறார்கள். ஆனால் உட்கார்ந்திருப்பவன் முன்னால் நிற்கும்போது பேசுகிற தகுதியே போய்விடுகிறது. கப்பம் கட்டுகிற ஒரு தலைவன், கணக்குச் சரிபார்க்க வந்த இன்னொரு தரப்பு என்ற நிலை மாறி, விசாரணைக்குக் கொண்டுவந்த ஆள் என்ற நிலைக்கு இறக்கப்படுகிறான். ஒரு நாற்காலியைப் போடாமல் விட்டதன் மூலம் ஜாக்சன் இதைச் சாதித்தார். எழுத்தில் ஒரு சொல் இல்லை, ஆணை இல்லை, அரசிதழ் இல்லை.

ஆபத்தை உணர்ந்து கட்டபொம்மன் வெளியேறினார். அவர் தம்பி ஊமைத்துரை ஆட்களோடு கோட்டைக்குள் புகுந்து உதவினார். கோட்டை வாசலில் நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் உட்படச் சிலர் இறந்தார்கள். சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். கட்டபொம்மன் சென்னைக்கு முறையிட்டார். கும்பினியின் நிர்வாகம் வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசமேஜர் ஆகியோரைக் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. பிள்ளையை விடுவித்தார்கள். கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஜாக்சனைப் பதவிநீக்கம் செய்து லூஷிங்டனைக் கலெக்டராக அனுப்பினார். இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தன் கலெக்டர் நடந்துகொண்ட விதம் தவறு என்று கும்பினியே ஒப்புக்கொண்டிருக்கிறது. கலெக்டர் வருவார், போவார். கட்டபொம்மனை ஒரு தரப்பாக ஏற்று உட்கார வைக்கிற மனம் மட்டும் கடைசிவரை வரவில்லை.

கும்பினிக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். இதே கும்பினி 1762-இல் சென்னையிலிருந்து ஜான் பைபஸ் என்பவரைத் தூதராக இலங்கையின் கண்டிக்கு அனுப்பியது. அப்போது கண்டியை ஆண்டவர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கர், நாயக்கர் வம்சம். அரசர் முன் தூதர் மண்டியிட வேண்டும் என்பது கண்டியின் முறை. பைபஸ் மண்டியிட்டார், அந்தச் சங்கடத்தை எழுதியும் வைத்தார். நிற்பதும் மண்டியிடுவதும் என்ன பேசும் என்பதை அந்தக் கும்பினி தன் முழங்காலால் கற்றுக்கொண்டிருக்கிறது. முப்பத்தாறு ஆண்டு கழித்து ராமநாதபுரத்தில் அந்தப் பாடத்தை நம் ஆள் மேல் நடத்திக் காட்டியது.

கண்டியின் கதையில் ஒரு நாற்காலி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கண்டி அரசர்களின் பொன் சிம்மாசனம் 1693-இல் இரண்டாம் விமலதர்மசூரியருக்கு டச்சுக்காரர்கள் அன்பளிப்பாகக் கொடுத்தது. கரையோரத்தைப் பிடித்து வைத்திருந்தவர்கள் மலைநாட்டு அரசனுக்கு ஆசனம் செய்து கொடுக்கிறார்கள். கொடுத்தவர்கள் வணிக நோக்கத்தோடு கொடுத்திருக்கலாம், ஆனால் வாங்கிய கண்டி அதைத் தன் இறையாண்மையின் அடையாளமாகவே மாற்றிவிட்டது. நூறாண்டுக்கு மேல் அதில் அரசர்கள் அமர்ந்தார்கள். 1815 மார்ச் 2 அன்று கண்டி அரண்மனையின் மகுல் மடுவ என்ற சபை மண்டபத்திலேயே ஆங்கிலேயரின் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. அதில் கையெழுத்திட்ட பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரை வேலூருக்கு நாடுகடத்தினார்கள், 1832-இல் அங்கேயே இறந்தார். சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போய் விண்ட்சர் அரண்மனையில் இருந்தது. 1934-இல் இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அரசரை நாடு கடத்தியவர்கள் ஆசனத்தை ஏன் கப்பலேற்றினார்கள்? அதில் அடுத்து யாராவது உட்கார்ந்துவிடக் கூடாது என்பதால்தான்.

நம் பக்கம் திரும்புவோம். நாயக்கர் ஆட்சியில் பாளையக்காரர்களுக்கு ஓர் இடம் இருந்தது. இடம் என்று நான் சொல்வது நிஜமான மண்ணும் கல்லும். மதுரைக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள். ஒவ்வொரு கொத்தளமும் ஒரு பாளையத்தின் காவல் பொறுப்பு என்று மரபு சொல்கிறது. தலைநகரின் மதிலில் தன் பங்கு இது என்று சுட்டிக்காட்ட ஒரு பாளையக்காரருக்கு முடிந்தது. நாயக்கர் ஆட்சியைப் புகழ இதை நான் சொல்லவில்லை, அவர்களும் வரி பிடுங்கினவர்கள்தான். ஆனால் அடங்கியிருப்பவனுக்கும் மதிலில் ஒரு மூலையைக் கொடுத்து உள்ளே வைத்துக்கொள்ளும் அரசியல் அது. கும்பினியின் அரசியலில் அப்படி ஒரு மூலை இல்லை. இதே மண்ணில், நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் 1755-இல் கர்னல் ஹெரானைத் திருப்பி அனுப்பினார் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. அதே ஹெரானின் படை மதுரைப் பக்கத்தில் கோயில்குடிக் கோயிலின் சிலைகளை எடுத்துச் சென்றது. நத்தம் கணவாயில் கள்ளர்கள் அந்தப் படையை மறித்து அடித்துச் சிலைகளை மீட்டார்கள். ஹெரான் சென்னையில் ராணுவ விசாரணைக்கு நிறுத்தப்பட்டார். படையெடுப்பு என்றாலும் உடன்படிக்கை என்றாலும் எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்று மக்களிடம் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை ஹெரானும் ஜாக்சனும் படிக்கவில்லை.

1799-இல் மேஜர் பானர்மேன் கும்பினிப் படையோடு பாஞ்சாலங்குறிச்சி மேல் வந்தபோது இடங்களையும் பொருள்களையும் ஒழிப்பதே திட்டமாகிவிட்டது. ராமநாதபுரத்தில் நின்ற சிவசுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டு, தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் பார்வைக்கு வைத்தார்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். பிற பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண் முன்னால். கட்டபொம்மனை எதிரே உட்கார வைத்துப் பேசாத கும்பினி, இதைப் பார்க்க மட்டும் அவர்களை ஓரிடத்தில் கூட்டியது. அஞ்சாமல் நின்றார், கூடியிருந்த பாளையக்காரர்களை இகழ்ச்சியோடு பார்த்தார் என்று பானர்மேனே மேலிடத்துக்கு எழுதினார். பிறகு கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் அறிவிப்பு வந்தது. 1801-இல் இரண்டாம் பாளையக்காரர் போர் முடிந்ததும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று சொல்வார்கள். ஒரு கோட்டையை இடித்தால் போதாதா, உழுவானேன்? அங்கே ஒரு வாசல் இருந்தது, வாசலில் ஒருவர் உட்கார்ந்து ஆண்டார் என்ற நினைவே மண்ணில் தங்கக் கூடாது என்ற வேகம் அது. 1974-இல் தமிழக அரசு அதே ஊரில் நினைவுக் கோட்டை கட்டியதை இந்தக் கோணத்தில் பாருங்கள். வெறும் சுற்றுலாத் தலமாக அதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பரிசுப் பொருள்கள் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையின் காலியில் 1911-இல் ஒரு கல் கிடைத்தது. சீன மாலுமி செங் ஹே கொண்டுவந்தது, 1409-ஆம் ஆண்டு தேதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெய்வேந்திரமுனையின் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்றிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல். யாருக்கும் குறைவில்லாமல் கொடுத்திருக்கிறேன் என்று கல்லில் வெட்டிக் கொடுக்கிறார். எத்தனை அழகான அரசியல் என்று தோன்றும். ஆனால் 1411-இல் அதே செங் ஹே இலங்கையில் போரிட்டு, அங்கே ஆண்ட அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டு போனார். கொடை கொடுத்த கைதான் விலங்கும் போட்டது. பொருளை மட்டும் பார்த்து மயங்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நம் காலத்திலும் இதைப் பார்த்தோம். 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். வேட்டி கட்டிய பிரதமர், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, கடற்கரைக் கோயில். நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் தஞ்சாவூர் ஓவியமும் பரிசு. சிறுமுகை நெசவாளர்கள் அதிபரின் முகத்தைப் பட்டில் நெய்து கொடுத்தார்கள். பல்லவர் காலத்துக் கடல் வணிகத்தை நினைவூட்டும் இடத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை. நம் கைவினைஞர்களுக்கும் பெருமை. ஆனாலும் அடுத்த ஆண்டு ஜூன் மாதம் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் இழந்தார்கள். விளக்கையும் பட்டையும் குறை சொல்லிப் பயனில்லை. எல்லைக்கோட்டின் சிக்கலை எல்லைக்கோட்டில்தான் தீர்க்க வேண்டும். பரிசு அதற்கு வாசலைத் திறக்கும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் நாற்காலிக்கு ஏன் இத்தனை வாதம் என்று கேட்பீர்கள். வியட்நாம் போரை நிறுத்த 1968-இல் பாரிஸில் கூடியவர்கள் மேசையின் வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்பதிலேயே வாரக்கணக்கில் முட்டிக்கொண்டார்கள். அந்த நாள்களில் வியட்நாமில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், இவர்கள் மேசைக்குச் சண்டை போடுகிறார்களே என்று உலகம் எரிச்சல்பட்டது. சண்டை மேசைக்கு அல்ல. தெற்கு வியட்நாமில் போராடிய விடுதலை முன்னணியைத் தனித் தரப்பாக ஏற்பதா, மறுப்பதா என்பதே கேள்வி. எதிரெதிராக இரண்டு பக்கம் மட்டும் உள்ள மேசை என்றால் அவர்கள் தனித் தரப்பு இல்லை. நான்கு பக்கம் என்றால் தனித் தரப்பு. கடைசியில் 1969 ஜனவரியில் வட்ட மேசை ஒன்றும் அதன் இரு புறமும் சிறிய மேசைகளும் என்று ஒப்புக்கொண்டார்கள். பக்கங்களே இல்லாத வட்டத்தில் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்தபடி சொல்லிக்கொள்ளலாம். அந்த மேசையைப் பார்த்து எனக்கு எரிச்சல் வரவில்லை. எதிராளியை உட்கார வைக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்களே என்றுதான் தோன்றுகிறது. ராமநாதபுரத்தில் ஜாக்சன் தேடாத வழி அதுதான்.

கடைசியாக நம் ஊர்ப்புறத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஜாக்சனைத் திட்டுவது எளிது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்த படம் வெளிவந்தது. வழக்குப் பதிவானது. அவர் தேர்தலில் வென்று வந்த தலைவர். அதிகாரம் சட்டப்படி அவருடையது. சட்டம் கொடுத்ததை ஒரு நாற்காலியை மறுத்துப் பறித்துக்கொண்டார்கள். 1798-இல் நடந்த அதே காரியம், நம்மவர் கையால். பட்டியல் சமூகத் தலைவர்கள் சுதந்திர தினத்தில் கொடியேற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளும்படி 2022-இல் தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

இங்கே இருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலை சொல்லிவிட்டு அமர்கிறேன். நம்மைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடும். போய்ப் பாருங்கள். தலைவரின் நாற்காலி எங்கே போட்டிருக்கிறது, பெண் உறுப்பினர்கள் எங்கே உட்காருகிறார்கள், எந்தத் தெருவின் மக்கள் பந்தலுக்கு வெளியே நிற்கிறார்கள், கூட்டம் எந்த இடத்தில் கூடுகிறது, அந்த இடத்துக்கு எல்லாரும் தடையின்றி வர முடிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வரைபடமாகவே வரையுங்கள். தவறு இருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள், சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கூட்டத்தைப் பார்த்து நாற்காலி போதவில்லை என்று தோன்றினால், பக்கத்து வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய்ப் போடுங்கள்.